பொள்ளாச்சித் தென்னந்தோப்பில் தங்கப் போகிறவர்களுக்கு

கோவை உக்கடத்தில் பஸ் ஏறினால் சுமார் 40 கிலோமீட்டரில் பொள்ளாச்சி. தோப்பு ஆழியாறு பக்கம் என்றால், வால்பாறை பஸ்கள் அந்த வழியாகத்தான் போகின்றன. தோப்புக்காரரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டால் பெரும்பாலும் மெயின் ரோட்டுக்கு வந்து கூட்டிப் போவார்கள், அதனால் காரை வீட்டிலேயே விட்டுவிட்டு வாருங்கள்.

இடம் பிடிக்கும் முன் போனில் ஒரு கேள்வி கேளுங்கள்: "இப்ப தோப்புல என்ன வேலைங்க நடக்குது?" தேங்காய் வெட்டு, மட்டை மூடாக்கு, ஜாதிக்காய் பொறுக்குவது என்று பதில் வந்தால் அது விவசாயம் நடக்கும் இடம். நீச்சல்குளமும் கேம்ப் ஃபயரும்தான் பதில் என்றால் வேறு இடம் பாருங்கள். நீங்கள் கொடுக்கும் வாடகை மரத்துக்கும் மண்ணுக்கும் போய்ச்சேர வேண்டும்.

அடுத்தது தண்ணீர். இதைத்தான் நான் அழுத்திச் சொல்வேன். பரம்பிக்குளம்–ஆழியாறு பாசனத்தில் வாய்க்கால் தண்ணீர் முறை வைத்துத்தான் வரும். மற்ற நாட்களில் கிணறும் போரும்தான். பிப்ரவரி முதல் மே வரை ஒரு தென்னைக்குச் சொட்டுநீரில் நாளொன்றுக்கு 65 லிட்டர் போல வேண்டும். ஷவரில் பத்து நிமிடம் நின்றால் அவ்வளவும் போய்விடும். வாளியில் மொண்டு குளியுங்கள். பல தோப்புகளில் குளித்த தண்ணீர் நேராக வாழைக்குப் பாய்கிறது, சோப்பையும் ஷாம்பூவையும் குறைத்துக்கொள்ளுங்கள். கோடையில் இரண்டு நாளுக்கு மேல் தங்குவதாக இருந்தால், கிணற்றில் தண்ணீர் எப்படி இருக்கிறது என்று கேட்டுவிட்டு எத்தனை நாள் என்று முடிவு செய்யுங்கள்.

தோப்புக்குள் நடக்கும்போது தாழ்ந்த ஓலை ஒன்றைத் திருப்பிப் பாருங்கள். கீழ்ப்பக்கம் மாவால் சுருள்சுருளாகக் கோலம் போட்டதுபோல வெள்ளை வளையங்கள் இருந்தால், அது சுருள் வெள்ளை ஈ. 2016-இல் இந்தியாவில் முதன்முதலில் கண்டறியப்பட்டது இந்தப் பொள்ளாச்சிப் பக்கம்தான். அது கழிக்கும் இனிப்பு நீர் கீழ் ஓலைகளில் சொட்ட, அதன்மேல் கரும்பூஞ்சை படர்ந்து ஓலை கறுத்துப்போகும். பூச்சிமருந்து அடித்தால் ஈயைத் தின்று அழிக்கும் குட்டிக் குளவியும் சேர்ந்து செத்துவிடும். அதனால் கவனமான விவசாயிகள் விளக்கெண்ணெய் தடவிய மஞ்சள் அட்டையைக் கட்டிவிட்டு, குளவிக்காகக் காத்திருக்கிறார்கள். கறுத்த ஓலையைப் பார்த்து "ஏன் மருந்து அடிக்கலை?" என்று கேட்டுவிடாதீர்கள். ஓலையோ நாற்றோ எதையும் ஆசைக்காக ஊருக்கு எடுத்துப் போகவும் வேண்டாம். பூச்சி அப்படித்தான் ஊர் விட்டு ஊர் போகிறது.

தேங்காய் வெட்டு சுமார் 45 நாளுக்கு ஒருமுறை வரும். அந்த நாளில் நீங்கள் அங்கே இருந்தால் அதிர்ஷ்டம்தான். ஆனால் மரத்தடிக்குப் போகாமல், நிற்கச் சொன்ன இடத்தில் நில்லுங்கள். வெட்டுக்காரர்களைப் படம் எடுப்பதற்கு முன் ஒரு வார்த்தை கேளுங்கள். அவர்களுக்கு அது வேலை நேரம்.

எத்தனை பேர் சாப்பிடுவீர்கள் என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். மிச்சமாகும் சோறு மாட்டுக்குப் போகும், அதில் பிளாஸ்டிக் உறையோ நூலோ கலந்துவிடக் கூடாது. கொண்டுவந்த பாக்கெட்டுகளைத் திரும்பக் கொண்டுபோக ஒரு பை வைத்துக்கொள்ளுங்கள்.

கிளம்பும்போது தேங்காய், எண்ணெய், ஜாதிக்காய் என்று எது இருக்கிறதோ அதைத் தோப்பிலேயே வாங்குங்கள், பேரம் பேசாமல். உரிக்காத காய் கனக்கும். பஸ்ஸில் போகிறவர்கள் உரித்துத் தரச் சொல்லுங்கள். மட்டையும் மூடாக்குக்குத் தோப்பிலேயே தங்கிவிடும்.