நாழிச் சோறு: உணவில் அளவறிதல் பற்றிய ஒரு பாடம்



இப்பாடத்திற்கு எடுத்துக்கொண்ட பொருள் உணவில் அளவறிதல். பாலி மொழியில் இதனைப் ‘போஜனே மத்தஞ்ஞுதா’ என்பர். தேகம் பருத்தலால் முழங்கால் நோவும், மூச்சிரைப்பும், சர்க்கரை வியாதியும், இரத்தக் கொதிப்பும் வந்து சேருவதை இன்று நம் வீடுகளிலேயே காண்கின்றோம். மருத்துவர் எடையைக் குறைக்கச் சொல்கிறார். சிலர் ஒரு மாதம் பட்டினி கிடந்து குறைக்கின்றனர்; மறு மாதமே பழைய எடைக்கு மீள்கின்றனர். குறைப்பது ஒரு காரியம். குறைந்ததைக் காப்பது வேறொரு காரியம். இவ்விரண்டையும் செய்து முடித்த ஓர் அரசனின் வரலாறு நம் நூல்களில் உள்ளது. அவன் கையாண்ட முறையைக் கற்று, நம் அடுப்படியில் அதனைப் பொருத்திப் பார்ப்பதே இப்பாடத்தின் நோக்கம்.

1. பசித்தவனுக்கும் பருத்தவனுக்கும்

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்த வேண்டும். இரண்டு தலைமுறைக்கு முன் கூழுக்கும் ஏங்கிய குடும்பங்கள் நம்முடையவை. அத்தகையோரிடம் சென்று குறைத்து உண்ணுங்கள் என்பது சிலர் காதுக்கு இழிவாகவும் ஒலிக்கக்கூடும். பகவான் புத்தர் இவ்வேறுபாட்டை நன்கு அறிந்தவர். ஆளவி என்னும் ஊரில் ஏழை உழவன் ஒருவன் காணாமற்போன எருதைத் தேடி அலைந்து, பசியோடு தம்மம் கேட்க வந்தான். புத்தர் அவன் வரும்வரை காத்திருந்தார். முதலில் அவனுக்குச் சோறிடச் செய்தார். அவன் உண்டு களைப்பு நீங்கிய பின்னரே உபதேசம் தொடங்கினார். தம்மபதத்தின் 203-ஆவது பாட்டிற்கு உரைகாரர் கூறும் வரலாறு இது.

அதற்கு அடுத்த 204-ஆவது பாட்டிற்கு அவர் கூறுவது, மிகுதியாக உண்டு துன்புற்ற பசேனதி அரசனின் வரலாறு. பசித்தவனுக்குச் சோறு, மிகையாக உண்பவனுக்கு அளவு என்று இரு மருந்துகளும் அடுத்தடுத்து வைக்கப்பட்டுள்ளன.

நம் நாட்டிலும் இவ்விரு நோய்களும் இன்று அருகருகே நிற்கின்றன. 2019-21 ஆண்டுகளில் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, இந்தியப் பெண்களில் 18.7 விழுக்காட்டினர் இருக்கவேண்டிய எடையினும் மெலிந்தவர். 24 விழுக்காட்டினர் மிகை எடை உடையவர். ஆகவே இப்பாடம் யாவர்க்கும் உரியதன்று. மெலிந்தவரும், வளரும் பிள்ளைகளும், கருவுற்றவரும் நிறைய உண்ணட்டும். மிகை எடையால் துன்புறுவோரே மேலே படித்து நடப்பாராக.

2. பசேனதி அரசனின் வரலாறு

கோசல நாட்டின் தலைநகரம் சாவத்தி. இன்றைய உத்தரப் பிரதேசத்தின் சிராவஸ்தி மாவட்டத்தில் அதன் இடிபாடுகள் உள்ளன. அதனை ஆண்ட பசேனதி ஒரு துரோண அளவு சோறு உண்பவன். பழைய அளவையில் பதினாறு நாழி ஒரு துரோணம் எனக் கணக்கிடுவர். ஒரு நாள் அவ்வாறு உண்டு, பெருமூச்சு வாங்கிக்கொண்டு புத்தரிடம் வந்து அமர்ந்தான். இவ்வரலாறு சம்யுத்த நிகாயத்தில், கோசல சம்யுத்தத்தில் உள்ளது.

புத்தர் அவனைக் கடிந்துரைக்கவில்லை. அவன் உருவத்தை எள்ளவுமில்லை. நினைவோடு அளவறிந்து உண்பவருக்கு உடல் நோவு குறையும், மூப்பும் மெல்லவே வரும் என்னும் கருத்தமைந்த ஒரு சிறு பாட்டை மட்டும் கூறினார். அரசன் பின்னால் சுதர்சனன் என்னும் இளைஞன் நின்றிருந்தான். அரசன் அவனை நோக்கி, அப்பாட்டைக் கற்றுக்கொண்டு தனக்கு உணவு படைக்கும்போதெல்லாம் ஓதுமாறு பணித்தான். அதற்கென நாள்தோறும் நூறு கஹாபணம் ஊதியமும் ஏற்படுத்தினான். அரசன் படிப்படியாகக் குறைத்து, நாழிச் சோற்றளவில் நிலைபெற்றான். பின்னொரு நாள் மெலிந்து இலேசாகிய தன் உடம்பைக் கையால் தடவிப் பார்த்து, புத்தர் தன்மீது கொண்ட இரக்கத்தை நினைந்து மகிழ்ந்தான்.

தம்மபத உரை இன்னும் நுட்பமான ஒரு செய்தியைத் தருகிறது. அரசன் கடைசிக் கவளத்தை எடுக்கும் சமயத்தில் பாட்டை ஓத வேண்டும்; அரசன் அக்கவளத்தை விட்டுவிடுவான்; அதில் எத்தனை பருக்கைகள் இருந்தனவோ, அடுத்த வேளை உலையில் அத்தனை அரிசியைக் குறைக்க வேண்டும் என்பதே புத்தர் கூறிய முறை என்கிறது அவ்வுரை.

3. வரலாறு உணர்த்தும் முறை

இவ்வரலாற்றில் மன உறுதி என்னும் சொல்லுக்கு இடமே இல்லை என்பதைக் கவனியுங்கள். சோற்றின் முன் அமர்ந்தபின் தன் மனம் தன் வசம் இராது என்பதை அரசன் அறிந்திருந்தான். ஆதலால் மனத்தை நம்பியிராமல் நான்கு ஏற்பாடுகளைச் செய்துகொண்டான்.

முதலாவது, நினைவூட்டல். அது உபதேச மண்டபத்தில் அன்று, உண்ணும் இடத்திலேயே, உண்ணும் வேளையிலேயே ஒலித்தது. இரண்டாவது, துணை. அரசன் தானே வேண்டி அமர்த்திக்கொண்ட துணை அது. மூன்றாவது, குறைப்பு உலையில் நிகழ்ந்தது. இலையில் வந்து விழுந்த சோற்றைத் தள்ளுவது கடினம். உலையில் இடாத அரிசியை எவரும் உண்ண முடியாது. நான்காவது, ஒரு வேளைக்கு ஒரு கவளம் என்னும் சிறு அளவு. நேற்றைய உணவுக்கும் இன்றைய உணவுக்கும் உள்ள வேறுபாட்டை வயிறு உணரவில்லை. ஆதலால் அது எதிர்க்கவுமில்லை.

4. பட்டினி ஏன் பயன்படாது

சித்தார்த்தர் ஆறு ஆண்டுகள் உடலை வருத்தி, எலும்பும் தோலுமாக மெலிந்து, இது வழியன்று எனக் கண்டு உணவு கொண்டார். நடுவழி என்பது அப்பட்டறிவிலிருந்து பிறந்தது.

இக்கால ஆய்வும் இதனையே காட்டுகிறது. 1944-45 ஆண்டுகளில் அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்னும் அறிஞர், தாமே முன்வந்த 36 ஆடவர்க்கு 24 வாரம் அரைவயிற்று உணவு அளித்துச் சோதித்தார். அவர்கள் எடையில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கை இழந்தனர். அவர்தம் உடலும் சோர்ந்து, வெப்பத்தையும் உழைப்பையும் குறைத்துக்கொண்டது. மனமோ இரவும் பகலும் உணவையே எண்ணிற்று. கட்டுப்பாடு நீங்கியதும் பலர் உண்டு உண்டும் நிறைவு காணவில்லை. கடும் பட்டினிக்குப் பின் எடை மீள்வது ஒருவரது ஒழுக்கக்கேட்டினால் அன்று; பஞ்சம் வந்ததென அஞ்சி உடல் செய்யும் தற்காப்பு அது.

உண்பதன் நோக்கத்தை விளக்க, வண்டியின் அச்சுக்கு எண்ணெய் இடும் உவமையைப் புத்தர் கூறினார். நூற்பாலையில் உழைத்தோர்க்கு இது நன்கு விளங்கும். கதிருக்கு எண்ணெய் குறைந்தால் சூடேறித் தேயும். மிகுந்தால் வழிந்து நூலில் கறை படியும். கதிர் ஓடுவதற்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவே அளவு. அதுபோன்றே உடம்பு உழைக்கவும், நோயின்றி நிற்கவும், மனம் தெளிவாயிருக்கவும் வேண்டிய உணவே அளவான உணவு.

5. இக்காலக் கணக்கு

உயரத்தை மீட்டரில் எழுதி, அதனை அதனாலேயே பெருக்குங்கள். எடையை அத்தொகையால் வகுங்கள். இந்தியர்க்கு 23-க்கு மேல் மிகை எடை. 25-க்கு மேல் உடற்பருமன். 160 செண்டிமீட்டர் உயரம் உள்ளவர்க்கு ஏறத்தாழ 59 கிலோ முதல் எல்லை. 64 கிலோ இரண்டாம் எல்லை. இடுப்புச் சுற்றளவு ஆடவர்க்கு 90, பெண்டிர்க்கு 80 செண்டிமீட்டரைத் தாண்டலாகாது.

உணவின் வலிமையைக் கலோரி என்னும் அலகால் அளப்பர். 100 கிராம் அரிசி ஏறத்தாழ 350 கலோரி தரும். ஒரு கைப்பிடி அரிசியை 40 கிராம் எனக் கொண்டால் அது 140 கலோரி. ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் ஏறத்தாழ 120 கலோரி. தேநீர்க் குவளை ஒன்றுக்கு இரு சிறு கரண்டி சர்க்கரை, அதாவது 10 கிராம் என்றால், நாளைக்கு ஐந்து தேநீரில் 50 கிராம் சர்க்கரை சேரும். அதுவே 200 கலோரி. நாளொன்றுக்கு 2000 கலோரி உண்பவர்க்கு இது பத்தில் ஒரு பங்கு. சர்க்கரைக்கு உலக சுகாதார நிறுவனம் 2015-இல் விதித்த மேல் எல்லையும் அப்பத்தில் ஒரு பங்கே. பாதியாகக் குறைத்தல் இன்னும் நன்று என்றும் அது கூறிற்று. இரவு ஷிப்டில் தூக்கம் கலைக்கக் குடிக்கும் தேநீரே பலருக்கு ஒரு வேளைச் சோற்றுக்கு ஒப்பாகிவிடுகிறது.

ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட வழிகாட்டி நெறிகளின்படி, தானியங்களிலிருந்து பெறும் கலோரி 45 விழுக்காட்டிற்கு மேற்படலாகாது. நம் இலையில் சோறு மலையாகவும், பருப்பும் கீரையும் அதன் அடிவாரத்தில் ஊறுகாய் அளவாகவும் உள்ளன. இதனை மாற்ற வேண்டும். பயறு, கீரை, காய், முட்டை, மீன் ஆகியவை மிகுந்தால் சோறு தானே குறையும்; பசியும் விரைவில் திரும்பாது.

6. தீட்டு வேறு, அளவு வேறு

சிலர் எடை குறைக்கும் பெயரால் மாமிசம் கூடாது என்று நம்மவர்க்கு உபதேசிக்கின்றனர். நம் முன்னோர் உண்டதைக் காட்டியே நம்மைத் தாழ்த்திய உலகம் இது. பிக்குகள் யாவரும் மாமிசத்தை விலக்க வேண்டும் என்று தேவதத்தன் விதிக்கக் கேட்டபோது புத்தர் அதனை ஏற்கவில்லை. உணவைத் தூய்மை என்றும் தீட்டு என்றும் பிரிப்பது நம் வழியன்று. விரும்பி விலக்குவோர் விலக்கட்டும். உண்போர் நாணாது உண்ணட்டும். எதை உண்டாலும் எண்ணெயில் மிதக்க விடாமலும், அளவு மிஞ்சாமலும் உண்ணல் வேண்டும்.

7. நாம் செய்யத்தக்கவை

உலைக்கு அரிசியை ஒரே பாத்திரத்தால் அளந்து இடுக. முதல் வாரம் அளந்து பார்ப்பது மட்டும் போதும்; ஒன்றும் குறைக்க வேண்டா. இரண்டாம் வாரம் குடும்பத்தில் எடை மிகுந்த ஒவ்வொருவர் பங்கிலும் கால் கைப்பிடி குறைத்து, ஈடாகக் காயோ பயறோ சேர்க்க. அது பழகிய பின்னரே அடுத்த கால் கைப்பிடி.

வீட்டில் ஒரு சுதர்சனரை நியமித்துக்கொள்க. மனைவியோ, மகனோ, ஷிப்டுத் தோழரோ ஆகலாம். அவர் சொல்லவேண்டிய சொல்லை நீங்களே முன்னதாகக் கூறிவையுங்கள். கேலிச் சொல் கூடாது. விருந்தினர் முன்னிலையில் கூறலும் கூடாது. எடுத்துரைக்க இசைவு பெறாதவர் பிறர் இலையைப் பார்த்துப் பேசுதல் தம்மமும் ஆகாது.

கடைசியில் உண்ணும் தாய்மாரைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். மிஞ்சியது வீணாகலாகாது என்று எண்ணி, பசியில்லாதபோதும் சட்டியைக் காலி செய்கின்றனர். இது பேராசையன்று, பஞ்சம் கண்ட குலத்தின் சிக்கனம். ஆயினும் அவர் வயிறு குப்பைத்தொட்டி அன்று. அளந்து சமைத்தால் மிஞ்சாது. யாவரும் ஒன்றாக அமர்ந்து உண்டால் எவரும் மிச்சத்தை உண்ண நேராது.

வயிறு முழுதும் நிறையுமுன் நிறுத்துக. நான்கைந்து கவளத்திற்கு இடமிருக்கும்போதே நிறுத்தித் தண்ணீர் பருகுமாறு சாரிபுத்த தேரர் கூறியதாகத் தேரகாதை தெரிவிக்கிறது.

பௌர்ணமி தோறும் ஒரே தராசில் எடை பார்த்துக் குறித்து வைக்க. வாரம் அரைக் கிலோவுக்கு மேல் குறைய ஆசைப்பட வேண்டா. விருந்தன்று மிகையாயிற்றெனில் மறுநாள் பட்டினி வேண்டா. மறுவேளை வழக்கமான அளவுக்குத் திரும்புதலே போதும்.

உபோசத நாளில் நண்பகலுக்குப் பின் உண்ணாமையை எடைக்கு மருந்தாகக் கொள்ளற்க. பசி எழுவதையும், நிற்பதையும், தணிவதையும் அமைதியாகக் கண்டறியும் பயிற்சி அது. இன்சுலினோ சர்க்கரைக்கு மாத்திரையோ கொள்வோர் மருத்துவரைக் கேளாமல் அதனை மேற்கொள்ளலாகாது.

இச்சிறு மாற்றங்களால் என்ன விளையும் என ஐயுறுவோர்க்கு ஒரு சான்று. சர்க்கரை வியாதியின் வாயிலில் நின்ற 531 இந்தியரைக் கொண்டு சென்னை மருத்துவ அறிஞர் நடத்திய ஆய்வு 2006-இல் வெளியாயிற்று. உணவையும் நடையையும் திருத்திக்கொண்டவர்க்கு, ஒன்றும் செய்யாதவரைக் காட்டிலும், அந்நோய் வரும் வாய்ப்பு மூன்றாண்டில் 28.5 விழுக்காடு குறைந்தது.

8. இம்மாதப் பயிற்சி

ஒன்று: உங்கள் வீட்டில் ஒரு வாரத்திற்கு எத்தனை அளவு அரிசி, எவ்வளவு எண்ணெய், எவ்வளவு சர்க்கரை செலவாகிறது? எழுதுக.

இரண்டு: பசியின்றி நீங்கள் உண்ணும் வேளை எது? அவ்வேளையில் உங்களை உண்ணத் தூண்டுவது களைப்பா, கவலையா, வழக்கமா, பிறர் வற்புறுத்தலா?

மூன்று: உங்கள் சுதர்சனர் யார்? அவர் கூறவேண்டிய சொல் யாது?

விடைகளை அடுத்த பௌர்ணமிக் கூட்டத்திற்குக் கொண்டுவந்து ஒருவரோடொருவர் கலந்து பேசுக. சுதர்சனனுக்கு அரசன் நூறு கஹாபணம் கொடுத்தான். நம் சங்கத்தில் ஒருவர்க்கொருவர் இதனை ஊதியமின்றியே செய்துகொள்ளலாம்.