பல்லுப் பிடுங்கின அண்டைக்குக் கொப்பளியாதை, தங்கச்சி

சாவகச்சேரி ஆஸ்பத்திரியில பல்லைப் பிடுங்கிப்போட்டு கொடிகாமத்துக்கு பஸ் ஏறேக்கை வாயெல்லாம் இரத்தச் சுவையாய் இருக்கும். துப்பத்தான் மனம் வரும். துப்பாதை. பல்லு இருந்த குழியில இரத்தம் உறைஞ்சு நிண்டால்தான் அதைப் பிடிச்சுக்கொண்டு புதுச் சதை வளரும். துப்பினாலும், கொப்பளிச்சாலும், ஸ்ட்ரோ வைச்சு இளநீர் உறிஞ்சினாலும் அந்தக் கட்டி கழண்டுபோம். பிறகு மூண்டாம் நாளளவில காதுவரைக்கும் இழுக்கிற நோ வரும். அதுக்குக் கராம்பை வைச்சுக்கொண்டு இராமல் திரும்பப் போ. குழியைக் கழுவி மருந்து வைச்சுவிடுவினம்.

தந்த பஞ்சை அரை மணித்தியாலம் இறுக்கிக் கடி, எடுத்தெடுத்துப் பாராதை. எச்சில் இளஞ்சிவப்பாய் வந்தால் பயமில்லை. 24 மணித்தியாலம் போனபிறகு, ஒரு தம்ளர் இளஞ்சூட்டுத் தண்ணியில அரைத் தேக்கரண்டி உப்பைக் கரைச்சு, சாப்பிட்டாப்போலை வாயில வைச்சு மெல்லச் சரிச்சு விழவிடு. கூழ் அண்டைக்கு வேண்டாம், சூடும் உறைப்பும் ஆகாது. ஆறின கஞ்சி, சொதியில ஊறின இடியப்பம் போதும்.

மற்றப்படி வாய் கெதியாய் ஆறுற இடம். எச்சில் காயத்தைக் காயவிடாது, தோலை வளர்க்கிற புரதங்களும் அதில இருக்கு. நாக்கைக் கடிச்ச காயமும் சின்ன வாய்ப்புண்ணும் ஒண்டு, ரெண்டு கிழமையில மாறிப்போம். புண் அடிக்கடி வந்தால் இரும்புச்சத்து, பி12 குறைவோ எண்டு இரத்தம் சோதி. சலரோகக்காரருக்குக் காயம் ஆறப் பிந்தும், பல்லுப் பிடுங்க முதலே டொக்டரிட்டைச் சொல்ல வேணும்.

இப்பிடிக் கெதியாய் ஆறுற வாயில ஆறாத புண் இருக்கோ எண்டு ஆச்சியின்ரை வாயையும் ஒருக்காப் பார். ரோச் அடிச்சு, வெத்திலையை ஒதுக்கிற கன்னத்தை விரலால விலக்கி, நாக்கைத் தூக்கச் சொல்லி அடியையும் பார். மூண்டு கிழமையாகியும் ஆறாத புண், சுரண்டினாலும் போகாத வெள்ளைப் படை, சிவந்த படை, மூண்டு விரலை நிமித்தி வைக்கேலாத அளவுக்கு இறுகின வாய், இதில எது இருந்தாலும் கூட்டிக்கொண்டு போ. "நோகேல்லைப் பிள்ளை" எண்டுதான் சொல்லுவா. தொடக்கத்தில நோகாது, அதுதான் ஆபத்து. புகையிலை சேர்க்காத வெறும் பாக்கும் புற்றுநோய் தரும் எண்டு உலக சுகாதார அமைப்பின்ரை புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2004இலயே சொல்லிப்போட்டுது. இலங்கையில ஆம்பிளையளுக்குக் கூடுதலாய் வாறதும் வாய்ப் புற்றுநோய்தான், அப்புவையும் விடாதை.

தெல்லிப்பழைப் புற்றுநோய் ஆஸ்பத்திரி எண்ட பேரைக் கேட்டாலே ஆச்சி பயப்பிடுவா. முதல்ல பல் கிளினிக்குக்குத்தான் எண்டு சொல்லிக் கூட்டிக்கொண்டு போ. துண்டெடுத்துச் சோதிக்க வேணுமோ எண்டதை டொக்டர் பார்த்துச் சொல்லட்டும்.