மனுவுல குழந்தை தெரியணும்டி!

தங்கச்சி, கஸ்டடி கேட்டு மனு போடுறதுன்னு முடிவு பண்ணிட்டியா? முதல்ல எந்த ஊர் கோர்ட்டுன்னு பாரு. கல்யாணம் எங்க நடந்துச்சுங்கறது இதுக்குக் கணக்கில்லை. 1890-ம் வருஷத்துக் காப்பாளர் சட்டப்படி, குழந்தை வழக்கமா எங்க வசிக்குதோ அந்த ஊர்லதான் போடணும். மதுரையில படிக்குதுன்னா ஸ்கூல்ல பொனஃபைடு சர்டிபிகேட் வாங்கிக்கோ, அது பேசும். விவாகரத்து கேஸ் ஏற்கெனவே நடக்குதுன்னா, இந்து திருமணச் சட்டம் 26-ம் பிரிவுல அங்கேயே கேட்கலாம்.

மெயின் மனு வருஷக்கணக்கா இழுக்கலாம். அதுவரைக்கும் குழந்தை வளராம நிக்குமா? அதனால கூடவே இடைக்கால மனுவும் போட்டுடு. வக்கீலுங்க ஐ.ஏ.ன்னு சொல்வாங்க. "குழந்தையைப் பார்க்க அனுமதி வேணும்"னு மொட்டையா எழுதவே கூடாது. எந்தக் கிழமை, எத்தனை மணியிலேர்ந்து எத்தனை மணி வரை, எங்க வச்சு, யார் கொண்டாந்து விடணும், முழுப்பரீட்சை லீவுல எத்தனை நாள், பொங்கல் யார்கிட்ட, எல்லாம் எழுது. குழந்தையைப் பிரிஞ்சிருக்கிறவங்க தினமும் அஞ்சு பத்து நிமிஷம் அதுகூடப் பேசணும்னு 2020-ல சுப்ரீம் கோர்ட்டே சொல்லியிருக்கு. வீடியோ கால் நேரத்தையும் சேர்த்துடு.

இப்ப முக்கியமான விஷயத்துக்கு வர்றேன். பிரமாணப் பத்திரத்துல மாமியார் சண்டையும் நகைப் பஞ்சாயத்துமா பத்துப் பக்கம் நிரப்புறாங்க, குழந்தை அதுல ஒரு வரிதான் வருது. எனக்கு மனசு ஆறவே மாட்டேங்குது. ஜட்ஜ் பார்க்க வேண்டியது குழந்தையோட நலனை. காலையில யார் எழுப்புறா, வீட்டுப்பாடம் யார் பார்க்கறா, காய்ச்சல் வந்தா ராத்திரி யார் முழிச்சிருக்கா, நீ வேலைக்குப் போற நேரத்துல யார் பார்த்துப்பா, அதை எழுது. தடுப்பூசி அட்டை, பீஸ் ரசீது, ரேங்க் கார்டு, டாக்டர் சீட்டு எல்லாத்தையும் தேதி வாரியா அடுக்கி வை. உன் வீட்டுக்காரர் குழந்தைகிட்ட பாசமா இருப்பார்னா அதை மறைக்காதே, குறுக்கு விசாரணையில மாட்டிப்பே.

ஆனா உன்னையோ குழந்தையையோ அடிச்சிருந்தா, அதை ஒருநாளும் விடாதே. தேதியோட எழுது, ஆஸ்பத்திரிச் சீட்டு, புகார் குடுத்ததுக்குப் போலீஸ்ல தந்த சி.எஸ்.ஆர். ரசீது ரெண்டையும் இணை. 2005-ம் வருஷக் குடும்ப வன்முறைச் சட்டத்துல மாஜிஸ்திரேட்கிட்டயே தற்காலிகக் கஸ்டடி கேட்கலாம்.

அஞ்சு வயசுக்குள்ளன்னா அம்மாகிட்டதான்னு ஊரே சொல்லும். 1956-ம் வருஷ இந்து சட்டம் 'சாதாரணமா' அப்படின்னுதான் சொல்லுது, அதை மட்டும் நம்பி உட்காராதே. குழந்தைக்கு விவரம் தெரியற வயசுன்னா ஜட்ஜ் அதோட விருப்பத்தையும் கேட்கலாம். "அப்பா வேணாம்னு சொல்லு"ன்னு தயவுசெஞ்சு சொல்லிக் குடுக்காதே கண்ணு. அந்தப் பாரம் அதுக்கு வேணாம்.

வக்கீல் பீஸுக்குப் பயந்து தள்ளிப் போடாதே. பொண்ணுங்களுக்கு வருமானம் எவ்வளவு இருந்தாலும் இலவச வக்கீல் உண்டு. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போ, இல்லன்னா 15100-க்குப் போன் போடு.

வாய்தா எதையும் விடாதே. உத்தரவுப்படி அவர் குழந்தையைக் கொண்டாந்து விடலைன்னா, வாசல்ல நின்னு சண்டை போடாம அந்தத் தேதியைக் குறிச்சு வச்சு மனு போடு. கஸ்டடி உத்தரவு கல்வெட்டு இல்லை, நிலைமை மாறினா மாத்தச் சொல்லிக் கேட்கலாம். இறுதி உத்தரவு வந்த அன்னைக்கே சான்றிட்ட நகலுக்கு எழுதிக் குடுத்துடு, ஹைகோர்ட்டுல அப்பீல் போட 30 நாள்தான் இருக்கு.