கணினியில் தூர் வாருதல்

கொற்கை என்னும் பெயரைக் கேட்டவுடன் முத்தும் கப்பலும் நம் நினைவிற்கு வருகின்றன. பாண்டியரின் துறைமுகமாய் விளங்கிய அந்நகரைக் கிரேக்கரும் நன்கு அறிந்திருந்தனர். கி.பி. முதல் நூற்றாண்டில் எழுந்த பெரிப்ளுஸ் என்னும் கடற்பயண நூலும், இரண்டாம் நூற்றாண்டில் தாலமி இயற்றிய நிலநூலும் அதனைக் குறிப்பிடுகின்றன. இன்றோ கொற்கை, தூத்துக்குடி மாவட்டத்தில் வயல்களும் வாழைத் தோட்டங்களும் சூழ்ந்த ஒரு சிற்றூர். கடல் அதற்குக் கிழக்கே பல கிலோமீட்டர் விலகிவிட்டது.

அத்துணைப் பெரிய துறைமுகம் கெட்டது எதனால்? கப்பல்கள் பழுதுபட்டமையாலா? முத்துக் குளிப்போர் திறன் குன்றியமையாலா? இரண்டும் அல்ல. தாமிரபரணி ஆண்டுதோறும் கொணர்ந்த வண்டலே துறையைத் தூர்த்தது. கடலையும் அப்பால் தள்ளியது. வாணிகம் காயலுக்குப் பெயர்ந்தது. பிற உறுப்புகள் யாவும் நன்றாய் இருந்தும், வழி ஓரிடத்தில் தூர்ந்தமையால் முழுமையும் நின்றது. இவ்வுண்மை துறைமுகத்திற்கு மட்டும் உரியதன்று. நம் வீட்டில் இருக்கும் பழைய கணினிக்கும் இது பொருந்தும்.

தமிழக அரசு, 2011-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 15-ஆம் நாள் மாணவர்க்கு விலையில்லா மடிக்கணினி வழங்கும் திட்டத்தைத் தொடங்கியது. அத்திட்டத்தின்கீழ் அண்ணனோ அக்காளோ பெற்ற மடிக்கணினி, இன்று தம்பி தங்கையர் கைக்கு வந்திருக்கும் இல்லங்கள் பல. அதில் கட்டுரை எழுதலாம். பாடக் காணொளி பார்க்கலாம். ஆயின், இணையத்தின் வழியே நண்பரோடு கூடி விளையாடப் புகுந்தால், அது திணறுகின்றது. ஓடும் வீரன் நின்று நின்று ஓடுகின்றான். திரும்பும் தேர் தாவித் தாவித் திரும்புகின்றது. உடனே பிள்ளைகள் புதுக் கணினி வேண்டுமெனப் பெற்றோரை வற்புறுத்துவர். அதன் விலையோ எளிய குடும்பத்தின் பல திங்கள் வருவாயை விழுங்க வல்லது. எனவே, கடன் வாங்குமுன் தூர் எங்கே உள்ளது எனக் காண்பது கடமையாகும்.

முதற்கண், படம் எவ்வாறு அசைகின்றது என்பதை அறிவோம். திரைப்படத்தில் நாம் காண்பன அசையும் படங்கள் அல்ல. நொடிக்கு 24 வீதம் விரைந்து மாறும் அசையாப் படங்களே. கண் அவற்றைத் தொடுத்து ஓட்டமாகக் கொள்கின்றது. கணினி விளையாட்டிலும் இவ்வாறே ஒவ்வொரு படமும் ஒரு சட்டகம் எனப்படும். ஒரு நொடியில் தோன்றும் சட்டகங்களின் எண்ணிக்கையே சட்டக வீதம். விளையாடுவோர் இதனை ‘எஃப்.பி.எஸ்.’ என வழங்குவர்.

திரைப்படத்திற்கும் விளையாட்டிற்கும் பெரியதொரு வேறுபாடு உண்டு. திரைப்படத்தில் படங்கள் முன்னரே எடுக்கப்பட்டவை. விளையாட்டிலோ, நாம் விசையை அழுத்திய பின்னரே அடுத்த சட்டகம் புதிதாக வரையப்பெறும். நொடிக்கு 60 சட்டகம் வேண்டுமாயின், ஒவ்வொன்றையும் வரையக் கணினிக்குக் கிடைப்பது ஏறத்தாழ 16.7 மில்லிநொடியே, அஃதாவது ஒரு நொடியை ஆயிரங் கூறிட்டு அவற்றுள் பதினாறு பதினேழு கூறு. 30 சட்டகம் போதுமெனின் அதற்கு இருமடங்கு நேரம் கிடைக்கும். இச்சிறு பொழுதிற்குள் வேலை முடியாவிடில் பழைய படமே திரையில் நிற்கும். அதனையே நாம் திணறல் என்கிறோம்.

இவ்வேலையைச் செய்வோர் பலர். மையச் செயலகம், யார் எங்கே நிற்கின்றார், எறிந்த பந்து எங்கே விழும் என்பனவற்றைக் கணக்கிடும். வரைகலைச் செயலகம் அக்கணக்கைக் கொண்டு படம் தீட்டும். நினைவகம் இருவர்க்கும் வேண்டுவனவற்றைக் கையருகே வைத்திருக்கும். வன்தட்டு, களஞ்சியம் போல யாவற்றையும் சேமித்து வைக்கும். தாமிரபரணியில் அணைக்கட்டுகள் எட்டு. அவற்றுள் கடைசியானது திருவைகுண்டம். பொதிகையில் எத்துணை மழை பெய்தாலும், இடையில் ஒரு கால்வாய் தூர்ந்திருப்பின் கடைமடை வயல் காயும். அதுபோல, உறுப்புகள் நான்கனுள் மிகவும் தளர்ந்தது எதுவோ, அதன் நடையே கணினியின் நடையாகும். தூர் இல்லாத இடத்தில் ஆயிரம் ஆள் இறங்கி மண்வெட்டி பிடிப்பினும் பயன் இல்லை.

அவ்வாறாயின் தூர்ந்த இடத்தைக் கண்டறிவது எவ்வாறு? இதற்கு எளிய சோதனை ஒன்று உண்டு. பெரும்பாலான விளையாட்டுகளில் சட்டக வீதத்தைத் திரையின் ஓரத்தில் காட்டும் வசதி இருக்கும். ஒரே இடத்தில் நின்று அவ்வெண்ணைக் குறித்துக்கொள்க. பின்பு விளையாட்டின் தெளிவுத்திறனைக் குறைத்து, அதே இடத்தில் மீண்டும் குறித்துக்கொள்க. எண் நன்றாக உயர்ந்தால் தடை வரைகலைச் செயலகத்தில் உள்ளது. தீட்டும் வேலை குறைந்தவுடன் அது மூச்சு விட்டது. எண் அசையாமல் நின்றால், பெரும்பாலும் தடை மையச் செயலகத்தில் உள்ளது. ஓட்டம் பொதுவாக நன்றாய் இருந்து, இடையிடையே மட்டும் திடீரென நின்றால், நினைவகத்தையோ வன்தட்டையோ வெப்பத்தையோ ஐயுற வேண்டும்.

இங்கே மற்றொரு மயக்கத்தையும் நீக்கிக்கொள்ளல் வேண்டும். படம் ஓட்டம் குன்றாமல் இருந்தும், நாம் செய்தது காலந்தாழ்ந்து நடக்குமாயின், அது கணினியின் குற்றம் அன்று, இணையத்தின் தாமதம். அதனைப் ‘பிங்’ என்பர். கண்ணாடி இழையில் ஒளி நொடிக்கு ஏறத்தாழ 2 இலட்சம் கிலோமீட்டர் செல்லும். 3,000 கிலோமீட்டர் தொலைவில் உள்ள கணினிக்குச் செய்தி சென்று மீள, வேறு தடை எதுவும் இல்லாவிடினும் 30 மில்லிநொடி ஆகும். கொற்கையின் கடலோரத்திற்கு வடக்கே உள்ள தூத்துக்குடியிலிருந்து, கொழும்பை அடுத்த கல்கிசைக்கு 2006-இல் கடலடியில் இழைக்கம்பி இடப்பட்டது. பண்டு மரக்கலம் சென்ற கடலில் இன்று ஒளி செல்கின்றது. ஆயினும் தொலைவு என்பது தொலைவே. எனவே, விளையாட்டில் அருகிலுள்ள வழங்கியைத் தேர்ந்தெடுத்தலும், வாய்ப்பிருப்பின் கம்பி வழி இணைப்பைப் பயன்படுத்தலும் இதற்குரிய மருந்தாகும். வரைகலை அமைப்புகளைக் குறைப்பதனால் இந்நோய் தீராது.

இனிப் பொருட்செலவின்றித் தூர் வாரும் முறைகளைக் காண்போம்.

முதலாவது, வேண்டாச் சுமையை இறக்குதல். விளையாடும்போது பின்னணியில் இணைய உலாவி இருபது பக்கங்களைத் திறந்து வைத்திருக்கும். வேறு சில மென்பொருள்கள் கணினி தொடங்கும்போதே தாமும் எழுந்து அமர்ந்திருக்கும். அக்கால மடிக்கணினிகளில் 2 ஜி.பி., 4 ஜி.பி. அளவான நினைவகமே பெரும்பாலும் இருந்தது. அது நிரம்பினால், இயங்குதளம் மீதியை வன்தட்டில் கொண்டுபோய் வைக்கும். வன்தட்டின் முனை நகர்ந்து ஒரு செய்தியை எடுத்துவர ஏறத்தாழ 10 மில்லிநொடி ஆகும். நமக்கு உள்ள 16.7-இல் பத்து இவ்வாறு கழிந்தால் எஞ்சியது என்ன? ஆதலால், ‘டாஸ்க் மேனேஜர்’ பக்கத்தைத் திறந்து, எது எவ்வளவு இடம் கொள்கின்றது என நோக்கி, வேண்டாதவற்றை மூடுதல் நலம்.

இரண்டாவது, தீட்டும் பரப்பைச் சுருக்குதல். அக்கால மடிக்கணினித் திரைகள் பலவற்றில் குறுக்கே 1,366, நெடுக்கே 768 எனப் புள்ளிகள் உள்ளன, மொத்தம் 10,49,088. விளையாட்டை 1,024, 576 என அமைத்தால் 5,89,824 புள்ளிகளைத் தீட்டினால் போதும். நூற்றுக்கு நாற்பத்து நான்கு பங்கு வேலை குறைந்தது. படம் சற்று மங்கும். ஆயின் ஓட்டம் சீர்படும்.

மூன்றாவது, அமைப்புகளை ஆராய்ந்து குறைத்தல். எல்லாவற்றையும் ஒருங்கே குறைத்தல் அறிவுடைமை அன்று. நிழல், நீரில் தெரியும் எதிரொளி, புகை முதலியவை மிகுந்த உழைப்பை வேண்டுவன. முதலில் அவற்றைக் குறைக்க. ‘மைன்கிராஃப்ட்’ போன்ற விளையாட்டில் பார்வைத் தொலைவே பெருஞ்சுமை. அதனைப் பதினாறிலிருந்து எட்டாக்கினால், தொலைவு பாதியே குறையினும், கணினி தாங்க வேண்டிய நிலப்பரப்பு ஏறத்தாழ நான்கில் ஒன்றாகிவிடும். நாம் படிக்கும் பரப்பளவுக் கணக்கு இங்கே பயன் தருதலைக் காண்க.

இச்சிக்கனம் இன்று தோன்றியது அன்று. 1993-இல் அமெரிக்காவில் ஐடி சாஃப்ட்வேர் நிறுவனத்தார் ‘டூம்’ என்னும் விளையாட்டை வெளியிட்டனர். அதன் படப்பரப்பு 320-க்கு 200, அஃதாவது 64,000 புள்ளிகளே. அதன் சட்டக வீதமும் நொடிக்கு 35-க்கு மேற்படாது. அதையும் தாங்காத எளிய கணினி உடையோர்க்கென, விசை ஒன்றை அழுத்தினால் காட்சிச் சாளரம் சிறுக்குமாறு அமைத்திருந்தனர். சாளரம் சிறிதாகச் சிறிதாக ஓட்டம் விரைந்தது. வல்ல தொழிலாளர் எளியவரின் பொறியையும் கருத்தில் வைத்தே தொழில் செய்தனர்.

நான்காவது, வெப்பத்தைத் தணித்தல். செயலகம் அளவுகடந்து சூடேறினால், தன்னைக் காத்துக்கொள்ளத் தானே தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். தொடங்கும்போது நன்றாய் ஓடிய விளையாட்டு, அரை மணிக்குப் பின் திணறுமாயின் இதுவே காரணமாகலாம். நெல்லைச் சீமையின் கோடையில் இது மிகுதி. மடிக்கணினியை மெத்தைமீதோ தலையணைமீதோ வைத்தால், காற்று புகும் துளைகள் அடைபடும். மரப்பலகைமீது வைத்தல் நன்று. உள்ளே விசிறியில் படிந்த தூசியும் உண்மையான தூரே. அதனையும், காய்ந்துபோன தெர்மல் பேஸ்ட்டையும், பழகிய பழுதுநீக்குவோரைக் கொண்டு சிறு செலவில் மாற்றிக்கொள்ளலாம். மின்கலத்தில் ஓடும்போது கணினி தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளக் கூடும். ஆதலின் மின்னிணைப்பில் வைத்து விளையாடுக.

இவ்வளவும் செய்த பின்னும் குறை இருப்பின், சிறு பொருள் செலவிடலாம். ஆனால் அறிந்து செலவிடுக. நினைவகம் போதாமையே தடை என்று தெரிந்தால், மற்றொரு நினைவகத் தகடு சேர்த்தல் பயன் தரும். தனி வரைகலை அட்டை இல்லாத கணினியில், பொருந்தும் இரண்டு தகடுகள் இணைந்து நிற்பின் வரைகலைச் செயலகத்திற்கும் வழி அகலும். வன்தட்டிற்கு மாற்றாக எஸ்.எஸ்.டி. பொருத்தினால், விளையாட்டு விரைந்து திறக்கும், இடைநிற்றலும் குறையும். ஆயின், அதனால் சட்டக வீதம் இருமடங்காகும் என எண்ணுதல் வீண். களஞ்சியத்தைப் பெருக்கினால் ஓவியன் கை விரையுமோ?

இங்கே எச்சரிக்கை ஒன்று கூறுதல் இன்றியமையாதது. ‘ஒரே அழுத்தில் வேகம் இருமடங்கு’ என இணையத்தில் விளம்பரம் செய்யப்படும் மென்பொருள்கள் பல. அவற்றுள் நஞ்சு கலந்தவையும் உள்ளன. வேகத்தை விரும்பிப் பெற்றோரின் வங்கிக் கடவுச்சொல்லைக் கள்வரிடம் கொடுத்துவிடலாகாது. மேலும், விண்டோஸ் 7 இயங்குதளத்திற்கு 2020 சனவரியிலும், விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபரிலும் மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் பொதுவான பாதுகாப்பு ஆதரவு முடிவுற்றது. அத்தகைய கணினியில் வங்கி வேலைகளைச் செய்யாதிருத்தல் நலம். லினக்ஸ் வகை இயங்குதளத்திற்கு மாறுதலும் ஒரு வழியே. ஆயினும் இணைய விளையாட்டுகள் சில அதில் இயங்கா என்பதை முன்னரே அறிந்துகொள்க.

இறுதியாக ஒன்று. சட்டக வீதம் உயர்வதினும் அது சீராய் இருத்தலே சிறப்பு. ஒருகால் 60, ஒருகால் 20 என ஏறி இறங்கும் ஓட்டம், தளை தட்டும் செய்யுள் போன்றது. கண்ணும் கையும் அதனோடு இயைவதில்லை. ஆதலால் தளர்ந்த கணினியில் 30 என வரம்பு கட்டி, அவ்வரம்பிலேயே நிலைநிறுத்துதல் அறிவுடைமை. வரம்பு கட்டினால் வெப்பமும் குறையும். அதுவும் இயலாத பொறிகள் உண்டு. அவற்றிற்கு ஏற்ற பழைய விளையாட்டும் சதுரங்கமும் உண்டு. தன் வலிமை அறிந்து செயல் மேற்கொள்ளுதல் மாந்தர்க்கு மட்டுமன்றிப் பொறிக்கும் உரிய நெறியே.

கொற்கைத் துறையைத் தூர்த்தது ஆறு சுமந்து வந்த மண். அதனை வாரி எடுக்க அன்றைய மாந்தரால் இயலவில்லை. நம் கணினியில் படிந்த தூரோ நம் கைக்கு எட்டுவது. அளந்து காணுதல், ஒவ்வொன்றாய் மாற்றுதல், மாற்றியபின் மீண்டும் அளத்தல் என்னும் மூன்றும் அறிவியலார் கைக்கொள்ளும் முறையாகும். விளையாட்டின் பொருட்டு இம்முறையைக் கற்ற மாணவன், நாளை வயலின் மடையையும் ஆலையின் எந்திரத்தையும் அம்முறையாலேயே சீர்செய்வான். பழையது என்று எதனையும் எறிந்துவிடுமுன், அதன் குறை எங்கே உள்ளது என ஆராய்வோமாக.

பயிற்சி வினாக்கள்

1. திரைப்படச் சட்டகத்திற்கும் விளையாட்டுச் சட்டகத்திற்கும் உள்ள வேறுபாடு யாது?
2. தடை வரைகலைச் செயலகத்தில் உள்ளதா, மையச் செயலகத்தில் உள்ளதா என அறியும் சோதனையை விளக்குக.
3. நொடிக்கு 40 சட்டகம் வேண்டுமாயின், ஒரு சட்டகத்திற்குக் கிடைக்கும் நேரம் எத்தனை மில்லிநொடி? கணக்கிடுக.
4. உங்கள் ஊரில் ஒரு பொருள் பழுதுபட்டபோது, அதனை எறியாமல் குறையறிந்து சீர்செய்த நிகழ்ச்சி ஒன்றைப் பத்து வரிகளில் எழுதுக.