பழைய பிராண்ட் பையை எப்படி விற்கலாம்?

அந்தமானில் போர்ட் பிளேரின் (இப்போது ஸ்ரீ விஜயபுரம்) உப்புக்காற்றில் விலையுயர்ந்த தோல்பைகூட அதிக நாள் தாங்காது. உள்துணி பிசுபிசுக்கும், ஜிப்பில் பச்சைக் களிம்பு ஏறும், தோலில் பூஞ்சை படரும். லோகோ மட்டும் பளிச்சென்று இருக்கும். அபர்தீன் பஜாரில் தையல் தெரிந்த ஒருவர் கைக்கு அப்படி ஒரு பை வந்தால் அதைக் காசாக்கப் பல வழிகள் உண்டு. எந்த வழி என்பதைக் கத்தரி வைப்பதற்கு முன்பே முடிவு செய்துவிட வேண்டும்.

அப்படியே விற்பதில் சிக்கல் குறைவு. முறையாக வாங்கிய அசல் பொருள் மறுபடி கைமாறுவதை, 1999ஆம் ஆண்டின் வணிகக்குறிச் சட்டம் 30(3)ஆம் பிரிவில் அனுமதிக்கிறது. வெளிநாட்டில் விற்கப்பட்டு இங்கே வந்த அசல் சரக்குக்கும் இது பொருந்தும் என்று சாம்சங் வழக்கில் 2012இல் டெல்லி உயர் நீதிமன்றம் சொன்னது. பில்லைப் பத்திரப்படுத்துங்கள். போலி என்று சந்தேகம் வந்தாலே வாங்காதீர்கள். போலி விற்றால் 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம். தெரியாமல் விற்றேன் என்றால், தக்க எச்சரிக்கையோடு இருந்ததை நீங்கள்தான் நிரூபிக்க வேண்டும்.

பழுது பார்த்து விற்பது அடுத்த வழி. இங்கே 30(4) குறுக்கே வருகிறது: பொருளின் நிலை மாறியிருந்தால் நிறுவனம் ஆட்சேபிக்கலாம். இதற்கு நம் நாட்டில் நல்ல வழிகாட்டி, பைக்குச் சம்பந்தமே இல்லாத சீகேட் ஹார்ட் டிஸ்க் வழக்கு. பழைய டிஸ்குகளைச் சரிசெய்து தங்கள் பெயரில் விற்றவர்களை 2024 மே மாதம் டெல்லி உயர் நீதிமன்றம் தடுக்கவில்லை. எல்லாவற்றையும் வெளிப்படையாகச் சொல்லச் சொன்னது. தயாரித்தவர் யார், இது பயன்படுத்திப் புதுப்பித்த பொருள், மூல நிறுவனத்தின் உத்தரவாதம் கிடையாது, உத்தரவாதம் விற்பவருடையது என்று பெட்டியில் இருக்க வேண்டும். மூல நிறுவனத்தின் பெயரை எழுத்தில் சொல்லலாம், லோகோ கூடாது. அதே நேர்மையோடு பைக்கும் ஓர் அட்டை எழுதிக் கட்டுங்கள்: ஜிப் மாற்றியது, உள்துணி புதிது, மாற்றியவர் இன்னார்.

லோகோ தெரியும் துண்டை வெட்டித் தொப்பி, கம்மல், பர்ஸ் என்று விற்பது மிக மோசமான வழி. வாங்குபவர் காசு கொடுப்பது அந்த லோகோவுக்குத்தான்; அது உங்களுடையதல்ல. அமெரிக்காவில் பழைய லூயி விட்டான் துணியில் புதுப்பொருள் செய்து விற்ற டெக்சாஸ் நிறுவனம் ஒன்று 2022இல் 6,03,000 டாலர் தர ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று. சனெல் பட்டன்களில் நகை செய்தவர்கள் மீதும் 2021இல் வழக்கு வந்தது. தீவுக்காரருக்கு வழக்கே பெரிய தண்டனை. இன்ஸ்டாகிராம் வழியாக டெல்லிக்கு விற்றால் அங்கேயே வழக்குப் போட வழியுண்டு. இங்கிருந்து சென்னைக்குக் கப்பலில் போகவே சுமார் மூன்று நாள்!

லோகோவை நீக்கி, பொருளை வேறாக்கி, சொந்தப் பெயரில் விற்பதே நான் சொல்லும் வழி. லேபிளைப் பிய்த்தால் மட்டும் போதாது. லூயி விட்டானின் எழுத்துக்கோலம் துணி முழுக்க ஓடுகிறது, அந்தக் கோலமே வணிகக்குறி. அதை உள்ளே மடித்துத் தைப்பதும் போதாது, அந்தத் துணியையே தவிருங்கள். கோலமில்லாத தோல், பக்கிள், கைப்பிடி போதும். அழகுக்காகப் பவளப்பாறைத் துண்டையோ கடல் விசிறியையோ கோத்துவிடாதீர்கள், அது வனவிலங்குச் சட்டத்தில் குற்றம்.

வாடிக்கையாளர் தன் பையையே கொண்டுவந்து தன் உபயோகத்துக்கு மாற்றித் தரச் சொன்னால் கூலி வாங்கிச் செய்துகொடுங்கள். அங்கே நீங்கள் விற்பது வேலையை மட்டும்தான், ஆபத்து மிகக் குறைவு.

சொந்தப் பெயரைப் பதிவும் செய்துவிடுங்கள். அந்தமானுக்கான வணிகக்குறிப் பதிவகம் கொல்கத்தாவில் இருக்கிறது, ஆனால் ஆன்லைனிலேயே விண்ணப்பிக்கலாம். பைக்கு 18ஆம் வகுப்பு, உடைக்கு 25. தனிநபருக்கு வகுப்பு ஒன்றுக்கு 4,500 ரூபாய். பதிவு 10 ஆண்டு செல்லும்.