யந்திரத்துக்கும் நாடி பார்க்கிறார்கள்



சர்க்கரை வியாதிக்காரர்கள் காலைப் பராமரிக்கும் விதம் பற்றி இம்மாதம் எழுதுவதாகச் சென்ற இதழில் சொல்லியிருந்தேன். அதை அடுத்த இதழுக்குத் தள்ளி வைத்திருக்கிறேன். மன்னிக்கவும். காரணம் இருக்கிறது.

மூன்று வாரத்துக்கு முன்பு, விடியற்காலை நாலரை மணி இருக்கும். என் வீட்டுக் கதவைத் தட்டினார்கள். செம்பனை ஆலையில் ராத்திரி ஷிப்டு பார்க்கும் அண்ணன் ஒருவரைக் கைத்தாங்கலாகக் கூட்டி வந்திருந்தார்கள். எந்த ஆலை, யார் என்பதெல்லாம் இங்கே வேண்டாம். இடது கையில் இரண்டு விரல் நசுங்கியிருந்தது. கட்டுப் போட்டு, வேன் வரவழைத்து, கிள்ளான் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பினேன். ஒரு விரல் தப்பியது. மற்றதில் நுனியை எடுத்துவிட்டார்கள்.

கட்டு மாற்ற அவர் வந்தபோது விசாரித்தேன். சக்கை கொண்டுபோகும் கன்வேயரில் ஒரு பேரிங் இறுகி நின்றுவிட்டதாம். பெல்ட் சிக்கிக்கொண்டது. வெளியே குலை லாரிகள் வரிசை பிடித்து நிற்கின்றன. இவர் அவசரத்தில் கையை விட்டுச் சக்கையை இழுத்திருக்கிறார். அந்த நேரம் பார்த்து, ஆள் இருப்பது தெரியாமல் யாரோ சுவிட்சைப் போட்டுவிட்டார்கள்.

"அந்தப் பேரிங் எத்தனை நாளா சத்தம் போட்டுச்சு அண்ணே?"

"ஒரு வாரமா கத்திக்கிட்டுத்தான் இருந்துச்சு, டிரஸரய்யா. அதுல புதுசா சென்சார் வேற மாட்டியிருந்தாங்க. அதுவும் மெசேஜ் அனுப்பியிருக்கு. மெசேஜ் போன ஆளு லீவுல இருந்தாரு."

இதைக் கேட்ட பிறகு எனக்கு இரண்டு நாள் மனம் சரியில்லை. சென்சார் என்பது என்ன, அது எதைப் பார்க்கும், எதைப் பார்க்காது என்பதை நம் ஆட்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்று பட்டது. நான் யந்திரக்காரன் அல்ல, மருந்துக்காரன். ஆனாலும் ஆலையில் ஃபிட்டராக இருக்கும் நண்பரிடம் கேட்டுப் படித்துக்கொண்டேன். கேட்கக் கேட்க, இது நம் வைத்தியம் மாதிரியே இருக்கிறதே என்று தோன்றியது.

பெரிய மோட்டார்களின் மேல் தீப்பெட்டி அளவில் ஒரு சின்னப் பெட்டி ஒட்டியிருப்பதைச் சிலர் பார்த்திருப்பீர்கள். அதுதான் சென்சார். தமிழில் உணரி என்கிறார்கள். யந்திரம் எவ்வளவு அதிர்கிறது, எவ்வளவு சூடாக இருக்கிறது என்பதை அது அளந்து, கம்பியில்லாமலே கண்ட்ரோல் ரூமுக்கு அனுப்பும். சில ஆலைகளில் அந்தக் கணக்கு இணையம் வழியாக வேறு ஊரில் உள்ள ஆபீசுக்கும் போகும். அங்கே கம்ப்யூட்டர் இன்றைய கணக்கைப் போன மாதக் கணக்கோடு ஒப்பிட்டுப் பார்க்கும். மாறுதல் கண்டால் எச்சரிக்கை கொடுக்கும்.

ஒரே ஒரு தடவை பிரஷர் பார்த்துவிட்டு நான் யாருக்கும் வியாதி என்று சொல்வதில்லை அல்லவா? நாலு தடவை பார்ப்பேன், பழைய கார்டைப் புரட்டுவேன். அதே முறைதான் இதுவும். பிரஷரில் 120, 140 என்று நாம் பார்ப்பது போல் அதிர்வுக்கும் அளவு உண்டு. 15 முதல் 75 கிலோவாட் வரையுள்ள நடுத்தர மோட்டார்களுக்கு ஐ.எஸ்.ஓ. எனும் உலகத் தர அமைப்பு ஓர் அட்டவணை போட்டது. அதிர்வு விநாடிக்கு 1.12 மில்லிமீட்டருக்குள் இருந்தால் நல்ல சுகம். 2.8 வரை பரவாயில்லை. அதற்கு மேல் போனால் வைத்தியம் தேவை. 7.1-ஐத் தாண்டினால் ஓட விடக் கூடாது.

பேரிங் ஒரே நாளில் சாவதில்லை. உள்ளே உருளும் குண்டிலோ வளையத்திலோ முதலில் மயிரிழை போல ஒரு கீறல் விழும். அந்தச் சத்தம் நம் காதுக்கு எட்டாது, அவ்வளவு கீச்சுக் குரல். சென்சாருக்கு எட்டும். பல வாரம் கழித்து அதிர்வு கூடும். அதற்கும் பிறகுதான் நாம் கேட்கிற "கிர்ர்" சத்தம். அப்புறம் சூடு, கடைசியில் புகை. நம் காதுக்குச் சத்தம் கேட்கும் நேரத்தில் வியாதி முற்றிய கட்டம் என்று அர்த்தம். காலில் புண் ஆறவில்லை என்று வந்து காட்டும்போது சர்க்கரை எத்தனையோ வருஷமாக இரத்தத்தில் இருந்திருக்கும். ஊசி குத்தி ஒரு சொட்டு இரத்தம் பார்த்திருந்தால் முன்னமே தெரிந்திருக்கும்.

யந்திரத்துக்கு இரத்தப் பரிசோதனையும் உண்டு என்றார் நண்பர். கியர்பாக்சிலிருந்து கொஞ்சம் எண்ணெயைச் சின்னக் குப்பியில் எடுத்து அனுப்பினால், அதில் எவ்வளவு இரும்புத் தூள் கலந்திருக்கிறது என்று பார்த்துச் சொல்வார்களாம். எக்ஸ்ரே மாதிரியும் ஒன்று உண்டு. வெப்பக் கேமராவால் மின்சாரப் பெட்டியைப் பார்த்தால், தளர்ந்த முனை மட்டும் சிவப்பாகத் தெரியும். மோட்டார் சூட்டைப் பற்றியும் ஒன்று சொன்னார். தாங்கக்கூடிய அளவுக்கு மேல் ஒவ்வொரு 10 டிகிரி ஏறும்போதும் உள்ளே சுற்றியிருக்கும் கம்பியின் மேற்பூச்சு ஆயுசு ஏறக்குறைய பாதியாகக் குறையுமாம். கிரீஸ் குறைந்தாலும் கெடுதல், கண்டபடி அடைத்தாலும் சூடேறிக் கெடுதல். மாத்திரையை மறந்தவரும் என்னிடம் வருகிறார், இரண்டு வேளை மாத்திரையை ஒரே வேளையில் விழுங்கியவரும் வருகிறார். அது போலத்தான்.

சரி, இதனால் தொழிலாளிக்கு என்ன லாபம்? முதலாளிக்கு லாபம் இருப்பது தெரிந்ததுதான். செம்பனைக் குலையை வெட்டிய 24 மணி நேரத்துக்குள் வேக வைத்துவிட வேண்டும் என்பார்கள். தாமதமானால் எண்ணெயில் அமிலம் கூடி விலை இறங்கும். ஆகவேதான் நடு ராத்திரியில் யந்திரம் திடீரென்று நின்றால் எல்லாருக்கும் பதற்றம். அந்தப் பதற்றத்தில்தான் விரல் போகிறது. பேரிங் கெடப் போகிறது என்று இரண்டு வாரத்துக்கு முன்பே தெரிந்தால், பகலில், யந்திரத்தை நிறுத்தி, பூட்டுப் போட்டு, நிதானமாக மாற்றலாம். நமக்கு லாபம் அந்த நிதானம்.

ஆனால் பூட்டு என்ற வார்த்தையை அழுத்திச் சொல்கிறேன். சென்சார் இருப்பதனால் பூட்டு வேண்டாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இப்போது பல யந்திரங்களைக் கண்ட்ரோல் ரூமிலிருந்தே ஓட்டலாம். உங்கள் கண்ணுக்குத் தெரியாத ஒருவர் உங்கள் கை உள்ளே இருக்கும்போது ஓட்டிவிட முடியும். மெயின் சுவிட்சை அணைத்து, பூட்டுப் போட்டு, உங்கள் பெயர் எழுதிய சீட்டைத் தொங்கவிட்டு, சாவியை உங்கள் பையில் வைத்துக்கொண்டு, பிறகு ஒரு தடவை ஓட்டிப் பார்த்து, ஓடவில்லை என்று உறுதியான பிறகே கையை விடுங்கள்.

குலை வேக வைக்கும் ஸ்டெரிலைசர் பக்கம் வேலை செய்பவர்கள் அடுத்த கணக்கைக் கவனமாகப் படியுங்கள். உள்ளே நீராவி அழுத்தம் சுமார் 3 பார், சூடு 140 டிகிரி. கதவின் குறுக்களவு 2 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், உள்ளிருந்து கதவைத் தள்ளும் பலம் ஏறக்குறைய 96 டன். நீராவியை வெளியேற்றிய பிறகு, முள் பூஜ்யத்தை ஒட்டி நிற்கிறது, ஆனால் ஒரு பாரில் பத்தில் ஒரு பங்கு உள்ளே மிச்சம் இருக்கிறது என்று வையுங்கள். அப்போதும் 3 டன்னுக்கு மேல்! கதவுக்குப் பின்னால் ஒரு லாரி முட்டிக்கொண்டு நிற்பது போல. முள்ளுக்குப் போகும் சின்னக் குழாயில் எண்ணெய்க் கசடு அடைத்தால் முள் பொய் சொல்லும். அதனால்தான் அழுத்தம் முழுவதும் இறங்காமல் கதவு திறக்காதபடி தடுப்புப் பூட்டு வைத்திருக்கிறார்கள். "சும்மா தொந்தரவு பண்ணுது" என்று அதைக் கம்பி போட்டு ஏமாற்றுகிறவர்கள் உண்டு. நான் பார்த்த நீராவிக் காயங்களை இங்கே எழுத மாட்டேன். சாப்பாட்டு வேளையில் இந்தப் பக்கத்தைப் படிப்பவர்களும் இருப்பார்கள்.

சென்சார் மாட்டியாச்சு, இனி பயமில்லை என்று நினைப்பதும் தவறு. அது எதை அளக்கச் சொன்னோமோ அதை மட்டுமே அளக்கும். உங்களுக்கு நான் பிரஷர் மட்டும் பார்த்துவிட்டு அனுப்பினால் நுரையீரலில் உள்ள காசம் எனக்கு எப்படித் தெரியும்?

பெரிய உதாரணம் ஒன்று நம் பக்கத்திலேயே நடந்தது. பிரிக்பீல்ட்ஸ் கே.எல். சென்ட்ரலில் கிளானா ஜெயா தடத்து எல்.ஆர்.டி. ஏறினால் ஒரு முனையில் கடைசி நிலையம் புத்ரா ஹைட்ஸ். 2025 ஏப்ரல் 1, ஹரிராயா இரண்டாம் நாள், காலை எட்டு மணிக்கு மேல் அங்கே பெட்ரோனாஸ் எரிவாயுக் குழாய் வெடித்தது. தீ 30 மீட்டருக்கு மேல் எழும்பியது. பல வீடுகள் எரிந்தன. நூற்றுக்கு மேற்பட்டோர் காயப்பட்டார்கள். உயிர் போகவில்லை என்பதே பெரிய ஆறுதல். ஜே.கே.கே.பி. எனும் வேலையிடப் பாதுகாப்பு இலாகா ஆராய்ந்து, அந்த ஆண்டு ஜூன் மாதக் கடைசியில் முடிவை வெளியிட்டது. குழாய்க்கு அடியில் இருந்த மண் ஈரமும் மிருதுவுமாகி, தாங்கும் பலம் குறைந்து, குழாய் இடம் விட்டு இறங்கியிருக்கிறது. திரும்பத் திரும்ப வளைந்து கொடுத்ததில் இரும்பு அயர்ந்து உடைந்தது என்றார்கள். நாசவேலை இல்லை என்றும் சொன்னார்கள். குழாய்க்குள் இருக்கும் வாயுவின் அழுத்தத்தை எவ்வளவு நுட்பமாக அளந்தாலும், அடியில் மண் நகர்வதை அது சொல்லாது. அதற்குத் தனியாக மண்ணையே அளக்க வேண்டும். நம் ஆலைகளும் ஈர மண்ணில், சதுப்போரத்தில் நிற்பவைதானே. அஸ்திவாரம் இறங்கி மோட்டாரும் கியர்பாக்சும் நேர்கோடு தவறினால் எத்தனை புதுப் பேரிங் போட்டாலும் நிலைக்காது. தரையில் புதிய வெடிப்பு கண்டால் அதையும் சொல்லுங்கள்.

இன்னொரு சங்கடம், செத்துப்போன சென்சார். பேட்டரி தீர்ந்துவிட்டால் அது ஒன்றும் சொல்லாது. ஒன்றும் சொல்லாததை "சுகம்" என்று எடுத்துக்கொள்வார்கள். பொய் எச்சரிக்கை பத்துத் தடவை வந்தால் பதினோராவது தடவை யாரும் எழுந்து பார்க்க மாட்டார்கள். இதற்கு யந்திரத்தைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. பார்க்க வேண்டிய ஆளை நியமிக்க வேண்டும்.

ஆகவே பாதுகாப்புக் குழுவில் இருக்கும் நம் பிரதிநிதிகள் அடுத்த கூட்டத்தில் கேளுங்கள். எச்சரிக்கை யாருடைய போனுக்குப் போகிறது? அவர் லீவு என்றால் யாருக்கு? விடியற்காலை மூன்று மணிக்கு யந்திரத்தை நிறுத்த யாருக்கு அதிகாரம்? வந்த எச்சரிக்கைக்கு என்ன செய்தார்கள் என்று புத்தகத்தில் எழுதுகிறார்களா? 40 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடத்தில் இந்தக் குழு இருக்க வேண்டும் என்பது 1994-ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம். 1967-ஆம் ஆண்டு தொழிற்சாலை யந்திரச் சட்டம் 2024 ஜூன் 1-ல் ரத்தானது. அதே நாளில் 1994 சட்டத்தின் திருத்தம் அமலுக்கு வந்தது. அதில் 26ஏ பிரிவை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். உடனடி ஆபத்து இருக்கிறது என்று நம்ப நியாயமான காரணம் இருந்து, நிர்வாகம் அதை நீக்க ஒன்றும் செய்யவில்லையானால், அந்த இடத்தை விட்டு விலகிக்கொள்ள உங்களுக்கு உரிமை உண்டு. முதலில் மேலாளரிடம் சொல்லுங்கள். சொன்ன நேரத்தையும் கேட்டவர் பெயரையும் குறித்து வையுங்கள்.

காதைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் இது சுகாதாரப் பகுதி ஆகாது. அந்த அண்ணனுக்குப் பேரிங் கத்துவது கேட்டது. பக்கத்தில் நின்ற, அவரைவிட மூத்தவருக்குக் கேட்கவே இல்லையாம். இருபது வருஷம் ஆலைச் சத்தத்தில் நின்ற காது! 2019-ஆம் ஆண்டு விதிப்படி எட்டு மணி நேர வேலைக்குச் சத்தத்தின் எல்லை 85 டெசிபல். 82-ஐத் தாண்டினாலே அதை அதிகச் சத்தம் என்று கொள்ள வேண்டும். எல்லையைத் தாண்டிய இடத்தில் வேலை செய்பவர்களுக்குக் காதுப் பரிசோதனை செய்து கொடுப்பது முதலாளியின் கடமை. கேட்டு வாங்குங்கள். காதடைப்பானைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு திரிய வேண்டாம். வீட்டில் டி.வி.யைக் கணவர் சத்தமாக வைக்கிறார், கூப்பிட்டால் திரும்புவதில்லை என்று தாய்மார்கள் கண்டால், சண்டை போடாமல் என்னிடம் அனுப்பி வையுங்கள்.

கடைசியாக, அன்று அவர்கள் செய்த ஒரு தவறு. காயத்தின் மேல் காப்பித்தூளை அப்பியிருந்தார்கள். கழுவி எடுக்கவே எனக்கு அரை மணி நேரம் ஆனது. விரல் நசுங்கினால் சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்து, கையை நெஞ்சுக்கு மேலே தூக்கி வைத்துக்கொண்டு வாருங்கள். மோதிரம் இருந்தால் வீங்குவதற்கு முன் கழற்றிவிடுங்கள். விரல் துண்டாகிவிட்டால், அந்தத் துண்டை ஈரமான சுத்தத் துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டி, அந்தப் பையை ஐஸ் கலந்த தண்ணீரில் வையுங்கள். ஐஸ் நேராகத் துண்டின் மேல் படக் கூடாது. நீராவி பட்டால் இருபது நிமிடம் குழாய்த் தண்ணீரில் காட்டுங்கள். பற்பசை, கிச்சாப், எண்ணெய் எதையும் தடவ வேண்டாம். வண்டி இல்லையென்றால் 999.

அந்த அண்ணன் இப்போது லேசான வேலைக்குத் திரும்பியிருக்கிறார். சொக்சோ பாரம் அனுப்பியாகிவிட்டது. எச்சரிக்கை மெசேஜ் இனி மூன்று பேருக்குப் போகுமாம், அதில் ஷிப்டு ஃபோர்மன் ஒருவர்.

சர்க்கரைக் கால் பராமரிப்பு அடுத்த இதழில் கட்டாயம் வரும்.