விரைவோடு விரைவு சேருமா?

வழி கேட்டால் ஆளுக்கொரு வழி சொல்வார்கள்; அவற்றுள் குறுகியது எது என்று துணிந்து கூறுவது கணிதத்தின் வேலை. நெதர்லாந்து அறிஞர் எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா 1956இல் இதற்கொரு முறை கண்டு, 1959இல் வெளியிட்டார். புறப்படும் ஊருக்கு மிக அருகிலுள்ள ஊர், அதற்கடுத்த ஊர் என ஒவ்வொன்றாக உறுதி செய்துகொண்டே செல்வது அம்முறை. குளத்தில் கல்லெறிந்தால் அலை விரிவது போலத் தேடல் எத்திசையிலும் விரியும். விடை பிழைபடாது, ஆனால் வேண்டாத ஊர்களையும் தொட்டுக்கொண்டே போகும்.

இதை விரைவுபடுத்த இரு உத்திகள் உண்டு.

முதலாவது, இருமுனைத் தேடல். புறப்படும் ஊரிலிருந்தும் சேரும் ஊரிலிருந்தும் ஒருங்கே தேடுவது. ஊர்கள் சீராகப் பரவியிருப்பின், 40 கி.மீ. ஆரமுள்ள ஒரு வட்டத்திற்கு மாறாக 20 கி.மீ. ஆரமுள்ள இரு வட்டங்கள் போதும். பரப்பு 1600க்கு 800 என்ற விகிதத்தில் பாதியாகிறது.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. க என்பது தொடக்கம், ட என்பது முடிவு என்க. க–ம, ம–ட ஒவ்வொன்றும் 5 கி.மீ.; க–ச, ச–ப, ப–ட ஒவ்வொன்றும் 3 கி.மீ. இரு தேடல்களும் முதலில் சந்திக்கும் ஊர் ம. அவ்வழி 10 கி.மீ. உண்மையில் குறுகியதோ ச, ப வழியாகச் செல்லும் 9 கி.மீ. ஆகவே சந்தித்தவுடன் நிறுத்தலாகாது. இதுவரை கண்ட வழிகளுள் மிகக் குறுகியதன் நீளத்தை இரு ஆரங்களின் கூட்டுத்தொகை எட்டும்போதே நிறுத்த வேண்டும்.

இரண்டாவது உத்தி ஏ-ஸ்டார். 1968இல் ஹார்ட், நில்சன், ராபேல் ஆகிய மூவர் வெளியிட்டது. நூல் பிடித்தாற்போன்ற நேர்த்தொலைவை மதிப்பீடாகக் கொண்டு, தேடலை இலக்கின் பக்கம் இழுப்பது இது.

இவ்விரண்டையும் அப்படியே இணைக்கலாமா? 10 கி.மீ. சாலை ஒன்றைக் கடக்கையில், முடிவூருக்கான நேர்த்தொலைவு 8 கி.மீ. குறைகிறது எனக் கொள்வோம். முன்தேடல் அச்சாலையை 10–8=2 என அளக்கும். எதிர்த்திசையில் வரும் பின்தேடலுக்குத் தொடக்க ஊரின் நேர்த்தொலைவு 4 மட்டுமே குறைந்தால், அதே சாலை 6 ஆகும். ஒரே சாலைக்கு இரு முழக்கோல்! இவ்வாறு அளந்த ஆரங்களைக் கூட்டினால் அத்தொகைக்குப் பொருளேயில்லை. மேற்சொன்ன நிறுத்தல் விதி சரிந்துவிடும்.

1994இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் இதற்கு எளிய தீர்வு கண்டனர். இரு குறைவுகளின் சராசரியை எடுத்துக்கொள்வதே அது: (8+4)÷2=6. இப்போது இரு தேடல்களுக்கும் அச்சாலை 10–6=4 தான். அளவுகோல் ஒன்றானதால் விதியும் உயிர்பெறுகிறது. முன்தேடலின் இழுவிசை 8இலிருந்து 6ஆகத் தளர்கிறது என்பதே அதற்குக் கொடுக்கும் விலை. 2005இல் கோல்டுபெர்க், ஹாரல்சன் ஆகியோர், சில அடையாள ஊர்களின் தொலைவுகளை முன்னரே கணக்கிட்டு வைத்து, நேர்த்தொலைவினும் கூர்மையான மதிப்பீட்டை அளித்தனர்.

தனித்தனியே சரியான இரண்டு முறைகள் சேர்ந்தபின்னும் சரியாகவே இருக்கும் என்பதற்கு உறுதியில்லை. ஒவ்வொன்றும் எந்த நிபந்தனையின் மேல் நிற்கிறது, இணைத்தபின் அந்நிபந்தனை நிலைக்கிறதா என்று பார்ப்பதே நிறுவலின் பணி. கணிப்பொறியில் நிரல் எழுதப்புகும் மாணவ நண்பர்கள், விரைவைச் சோதிக்கும் முன் விடையைச் சோதிப்பார்களாக!